பெற்றோர் தியாகமும் பிள்ளையின் கடனும்

ஒலிம்பிக் பந்தயம் நடக்கும்போதெல்லாம் பத்திரிகைகளில் தவறாமல் ஒரு கதை வந்துவிடுகின்றது. 16, 17 வயதுப் பெண்ணொருத்தி கழுத்தில் பதக்கத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு மேடைமேல் நிற்பாள். கூட்டத்தின் ஒரு மூலையில் அவளுடைய தாயாரோ தகப்பனாரோ கண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார். வேறு தேசத்திலிருந்து கையில் காசில்லாமல் வந்து குடியேறியவர்கள், மகளுக்காக வீட்டை விற்றார்கள், இரவு பகலாய் உழைத்தார்கள், என்ன தியாகம், என்ன தியாகம் என்று பத்திரிகைக்காரர் எழுதுவார். படிக்கின்றவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் அந்தப் பெற்றோர் செய்த புண்ணியம் என்று சொல்லிப் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார்கள்.

தியாகம் என்கின்ற வார்த்தை காதில் விழுந்தவுடனே கணக்குக் கேட்பதை நிறுத்திவிட வேண்டும் என்பது மனிதர்களிடையே ஒரு பழக்கமாய்ப் போய்விட்டது. நாம் அப்பழக்கத்தை ஒப்புக்கொள்ளுவதில்லை. யார் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், ஏன் கொடுக்க வேண்டியதாயிற்று, கொடுத்ததற்குப் பதிலாக யாரிடம் எதை எதிர்பார்த்தார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டியது அறிவுள்ளவன் கடமையல்லவா? அப்படிக் கேட்பதால் அந்தப் பெற்றோருடைய மதிப்புக் குறைந்து போகும் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. அது குறையாது, கூடவே செய்யும்.

முதலில் மிஷெல் குவான் என்னும் பெண்ணின் கதையைப் பார்ப்போம். ஹாங்காங்கிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்க் குடியேறிய ஒரு சீனக் குடும்பத்தில், கலிபோர்னியா மாகாணத்திலுள்ள டாரன்ஸ் என்னும் ஊரில், 1980-ல் பிறந்தவர். தகப்பனார் டெலிபோன் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தார். குடும்பத்திற்கு ஒரு சாப்பாட்டுக் கடையும் இருந்தது. மூன்று பிள்ளைகளில் மிஷெல் கடைசி. அண்ணன் ஐஸ் ஹாக்கி ஆடுவதைப் பார்த்து, 5 வயதில் தானும் தமக்கையுமாகப் பனிக்கட்டித் தரையில் சறுக்கக் கற்றுக்கொண்டார். 8 வயதில் தினம் மூன்று நான்கு மணி நேரப் பயிற்சி. விடியற்காலை 3 மணிக்கு எழுந்து போய்ப் பழகிவிட்டுப் பள்ளிக்கூடம் போவதும், பள்ளிக்கூடம் விட்டதும் மறுபடியும் அங்கே ஓடுவதுமாக இருந்தது.

இந்த 3 மணி விஷயத்தைத்தான் பத்திரிகைக்காரர்கள் ரிஷிகள் தபசு பண்ணினது போல் வர்ணிப்பார்கள். இதில் தபசு ஒன்றும் இல்லை. பகலில் ஐஸ் தரை பொதுமக்களுக்கும் ஹாக்கிக்காரர்களுக்கும் வேண்டியிருக்கின்றது, பெண்ணுக்கும் பள்ளிக்கூடம் இருக்கின்றது. தரை காலியாயிருப்பது விடியுமுன்தான். கலிபோர்னியா வெயிலில் ஒரு மண்டபம் நிறையப் பனிக்கட்டி தானாகவா உறைந்து கிடக்கும்? இராத்திரியும் பகலும் இயந்திரம் ஓடினால்தான் அது உறைந்திருக்கும். அந்தச் செலவெல்லாம் மணிக்கு இவ்வளவு என்று சறுக்குகின்றவர் தலையில்தான் வந்து விழும். பயிற்சியாளருக்கு மணிக்கணக்கில் கூலி. பூட்ஸ் ஒரு விலை, அதன் அடியில் பூட்டும் கத்தி வேறு விலை. வளருகின்ற பிள்ளையின் கால் ஒரு வருஷத்துப் பூட்ஸை அடுத்த வருஷம் ஏற்றுக்கொள்ளாது. உடுப்பு, பிரயாணம், பந்தயக் கட்டணம் எல்லாம் தனி. இவ்வளவும் இரண்டு பெண்களுக்கு!

கடைசியில் அந்தக் குடும்பம் வீட்டை விற்றுவிட்டது. விற்றும் போதவில்லை. மிஷெலுக்கு 10 வயதாகும்போது பயிற்சியாளருக்குக் கொடுக்கப் பணமில்லாமல் போயிற்று. அப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் சறுக்காட்டச் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் முன்வந்து பண உதவி செய்ததால்தான், லேக் ஆரோஹெட் என்னும் மலை ஊரிலிருந்த பயிற்சி நிலையத்தில் சேர முடிந்தது. அந்த ஒருவருக்கு அன்றைக்கு மனம் வந்திராவிட்டால் மிஷெல் குவான் என்கின்ற பேர் நமக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. வீட்டை விற்ற பெற்றோர் அப்போதும் வீட்டை விற்றவர்களாகவே இருந்திருப்பார்கள், அவர்களுடைய தியாகமும் ஒரு அணுவளவும் குறைந்திராது. ஆனால் எந்தப் பத்திரிகை அதை எழுதியிருக்கும்?

இங்கே ஒரு பழைய சங்கதி ஞாபகத்திற்கு வருகின்றது. கிரேக்க தேசத்தில் டயகோரஸ் என்று ஒரு நாஸ்திகர் இருந்தாராம். ஒரு கோயிலில், கடலில் புயலுக்குத் தப்பினவர்கள் வேண்டுதலுக்காக மாட்டி வைத்த படங்களையெல்லாம் காட்டி, "இத்தனை பேரைத் தெய்வம் காப்பாற்றியிருப்பதைப் பார்த்தும் நம்பமாட்டாயா?" என்று ஒரு சிநேகிதர் கேட்டாராம். வேண்டிக்கொண்டும் மூழ்கிப் போனவர்களுடைய படங்களை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டாராம். பதக்கம் வாங்கினவர்களின் பெற்றோர் கதையும் இப்படிக் கோயிலில் மாட்டின படந்தான். வீட்டை விற்று, மகளும் முழங்காலை முறித்துக்கொண்டு, 14 வயதில் ஊருக்குத் திரும்பின குடும்பங்களின் படத்தை மாட்ட எந்தச் சுவரிலும் இடமில்லை. ஆகவே தியாகம் செய்தால் பலன் நிச்சயம் என்று இந்தக் கதைகளிலிருந்து யாராவது முடிவு செய்தால், அது வேண்டுதலை நம்பி நடுக்கடலில் ஓட்டைப் படகு ஏறுவதற்கு ஒப்பாகும்.

மிஷெல் குவானுடைய கழுத்தில் அவருடைய பாட்டி கொடுத்த ஒரு சீன அதிர்ஷ்டத் தாயத்தும் இருந்தது. பாட்டி அன்பாகக் கொடுத்ததைப் பேத்தி போட்டுக்கொள்வதில் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் அந்தத் தாயத்தின் மகிமையைப் பற்றி எழுதினவர்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்றுதான் சொல்லவேண்டும். 1996 முதல் 2003 வரை ஐந்து முறை உலகப் பட்டம் வென்றார், அமெரிக்கப் பட்டம் ஒன்பது முறை. ஒலிம்பிக்கிலோ 1998-ல் வெள்ளி, 2002-ல் வெண்கலம், தங்கம் ஒரு முறைகூட இல்லை. ஒலிம்பிக் வருஷத்தில் மாத்திரம் தாயத்து தூங்கிவிட்டது போலும்!

நிற்க. குடியேறியவர்கள் ஏன் இப்படி ஒரே பிள்ளையின் ஒரே ஆட்டத்தின்மேல் இருப்பதையெல்லாம் வைத்துப் பார்க்கிறார்கள் என்பதை யோசிக்க வேண்டும். வந்த தேசத்தில் அவர்களுக்குச் சிபார்சு செய்ய மாமனும் மச்சானும் இல்லை. பேசுகின்ற பாஷையைக் கேட்டுச் சிரிப்பார்கள். முகத்தைப் பார்த்தவுடனே "எந்த ஊர்?" என்பார்கள். இப்படிப்பட்டவர்களுக்குப் பந்தயக் களம் ஒன்றுதான் நேர்மையான இடமாகத் தோன்றுகின்றது. எத்தனை சுற்றுச் சுற்றினாள், கீழே விழுந்தாளா இல்லையா என்பதற்கு முகம் சாட்சி சொல்ல வேண்டியதில்லை அல்லவா? நம் பெண் அங்கே ஜெயித்துவிட்டால் அப்புறம் யார் நம்மை அந்நியர் என்று சொல்ல முடியும் என்று நினைக்கிறார்கள்.

அந்த நினைப்புக்குக் கிடைத்த பலனையும் கேளுங்கள். 1998-ல் ஜப்பானிலுள்ள நாகனோவில் தாரா லிப்பின்ஸ்கி என்னும் 15 வயதுப் பெண் தங்கம் வாங்கினார், குவான் இரண்டாவதாக வந்தார். இருவரும் அமெரிக்காவில் பிறந்தவர்கள், இருவரும் அமெரிக்காவுக்காக ஆடினவர்கள். ஆனால் ஒரு அமெரிக்கச் செய்தி ஸ்தாபனம், அமெரிக்கப் பெண் குவானை ஜெயித்துவிட்டார் என்று பொருள்படும்படித் தலைப்புக் கொடுத்தது! பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். 4 வருஷம் கழித்து 2002-ல் சாரா ஹியூஸ் தங்கம் வாங்கினபோது மற்றொரு பத்திரிகை ஏறக்குறைய அதே தலைப்பைப் போட்டது. அவர்களும் மன்னிப்புக் கேட்டார்கள். அந்த நாலு வருஷத்தில் குவான் அமெரிக்கக் கொடியைப் பிடித்துக்கொண்டு உலகப் பட்டத்தை மூன்று முறை வாங்கிக் கொடுத்திருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். டாரன்ஸில் பிறந்தாலும் சரி, வீட்டை விற்றாலும் சரி, உலகத்தை ஜெயித்தாலும் சரி, கண்ணின் அமைப்பைப் பார்த்து "நீ வேறு" என்று சொல்லுகின்ற புத்தி ஒரு பதக்கத்தால் போய்விடுவதில்லை. பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கின்ற நோய் எந்த ஒரு தேசத்துக்கும் தனிச் சொத்தல்ல.

அடுத்தது சுனிசா லீ. இவர் ஹ்மோங் என்னும் மலை ஜனங்களைச் சேர்ந்தவர். லாவோஸ் தேசத்து மலைகளில் வாழ்ந்த இந்த ஜனங்களை அமெரிக்க உளவு இலாகா தன்னுடைய ரகசிய யுத்தத்திற்குச் சிப்பாய்களாக உபயோகப்படுத்திக்கொண்டது. 1975-ல் யுத்தம் தோற்றதும் அவர்கள் உயிர் தப்ப மேகாங் ஆற்றைக் கடந்து சயாமிய முகாம்களுக்கு ஓட வேண்டியதாயிற்று. அங்கிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர்களில் பெருந்தொகையினர் மினசோட்டா மாகாணத்தில் குடியேறினார்கள். அந்த ஜனங்களிடையே குலம் தகப்பன் வழியாகத்தான் வரும். பெண் கலியாணமானதும் புருஷன் குலத்திற்குப் போய்விடுவாள். ஆகவே பெண்ணுக்குச் செலவு செய்வது அயலான் தோட்டத்திற்குத் தண்ணீர் இறைப்பது என்று சொல்லக்கூடியவர்கள் அங்கேயும் உண்டு.

இப்படிப்பட்ட சமூகத்தில், செயின்ட் பால் நகரத்தில், ஒரு தகப்பனார் தன் பெண் ஜிம்நாஸ்டிக் பழகுவதற்கு விட்டம் வாங்கப் பணமில்லாமல், தானே மரத்தில் ஒன்று செய்து வீட்டுக் கொல்லையில் போட்டார். பந்தயத்தில் வைக்கும் விட்டம் 5 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், அதாவது ஒரு கையகலம். அதன்மேல் நடப்பதே கஷ்டம். அதில் இந்தப் பெண்கள் தலைகீழாய்ப் பாய்ந்து திரும்பவும் அதன்மேலேயே கால் ஊன்ற வேண்டும். கொல்லையில் கிடந்த மரக்கட்டையில் அதைப் பழகின பெண்தான் 2021 ஜூலையில் டோக்கியோவில் எல்லாப் பிரிவும் சேர்ந்த பந்தயத்தில் தங்கம் வாங்கினார். அவருக்குக் கிடைத்த புள்ளி 57.433. இரண்டாவதாக வந்த பிரேசில் தேசத்துப் பெண்ணுக்கு 57.298. 

நமது வாசகர்கள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தத் தகப்பனார் சுனிசாவைப் பெற்றவர் அல்ல. அவளுடைய 2 வயது முதல் தாயாரோடு சேர்ந்து வளர்த்தவர். பெண்ணும் அவருடைய பேரையே தன் பேராக வைத்துக்கொண்டார். இரத்தம், குலம், வம்சம் என்று பேசுகின்றவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்களோ தெரியவில்லை. 2019-ல், அமெரிக்கப் பட்டப் பந்தயத்திற்குப் பெண் புறப்பட இருந்த சமயத்தில், அவர் மரத்தின் கிளை வெட்ட உதவி செய்யப் போய் ஏணியிலிருந்து விழுந்து, மார்புக்குக் கீழே அசைவற்றுப் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் படுத்தபடியே பெண்ணைப் பந்தயத்திற்குப் போகச் சொன்னார். அவளும் போய் இரண்டாவதாக வந்தாள். டோக்கியோவில் கொரோனா காரணமாக வேடிக்கை பார்ப்போர் யாரையும் அனுமதிக்காததால், அவள் ஜெயித்ததை அவரும் குடும்பத்தாரும் மினசோட்டாவில் தங்கள் ஜனங்களோடு கூடி உட்கார்ந்து திரையில்தான் பார்த்தார்கள்.

இவரை நாம் மனதாரப் பாராட்டுகின்றோம். ஆனால் பாராட்டிவிட்டு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. உலகத்திலேயே பணக்கார தேசம் என்று பேர் வாங்கின ஒரு தேசம், தன் கொடியைத் தூக்கப் போகின்ற ஒரு பெண்ணுக்கு ஒரு மரக்கட்டை வாங்கிக் கொடுக்க யோக்கியதை இல்லாமலா இருந்தது? அமெரிக்காவில் ஒலிம்பிக் கமிட்டியை நடத்தச் சர்க்கார் வழக்கமாகப் பணம் கொடுப்பதில்லை. டெலிவிஷன் கம்பெனிகளும் விளம்பரக் கம்பெனிகளும் கொடுக்கின்ற பணத்தில் அது நடக்கின்றது. பிள்ளை பேரெடுத்த பிறகு கம்பெனிகள் வரும். பேரெடுப்பதற்கு முன் 10 வருஷம் யார் கொடுப்பது? தகப்பன்தான் கொடுப்பது. ஜெயித்தால் "நம் தேசத்துப் பெண்", தோற்றால் "அவன் பெண்" என்பதுதான் இந்த ஏற்பாட்டின் தத்துவம். டோக்கியோவில் தங்கம் வாங்கினவருக்கு அந்தக் கமிட்டி கொடுத்த இனாம் 37,500 டாலர். பதக்கத்தையே உரசிப் பார்த்தாலோ, அரைக் கிலோவுக்கு மேலுள்ள அந்த வட்டத்தில் தங்கம் சுமார் 6 கிராம், மற்றது வெள்ளி. முழுத் தங்கத்தில் பதக்கம் கொடுத்தது 1912-ஆம் வருஷத்தோடு சரி. சர்க்கார் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுப்பது போல, ஓடவும் தாண்டவும் சறுக்கவும் இடமும் ஆசிரியரும் கொடுத்துவிட்டால், ஏழைத் தகப்பன் தியாகி ஆக வேண்டிய அவசியம் என்ன இருக்கின்றது? தியாகிகள் பெருகியிருக்கின்ற தேசத்தில் யாரோ தங்கள் கடமையைச் செய்யாமல் இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

இனி நம்முடைய முக்கியமான சங்கதிக்கு வருகின்றோம். பெற்றோர் கொடுப்பது கொடையா, கடனா? கொடை என்று வாயால் சொல்லுகிறார்கள். ஆனால் 12 வயதுப் பிள்ளைக்கு வீட்டில் எல்லாம் தெரியும். விற்ற வீட்டின் ஜன்னல் ஞாபகம் இருக்கும். அப்பா இரவில் நேரம் கழித்து வருவது தெரியும். "எனக்கு இந்த ஆட்டம் வேண்டாம், கால் வலிக்கின்றது, பயமாயிருக்கின்றது" என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு வாய் வருமா? யாரும் பத்திரம் எழுதி வாங்காமலே பிள்ளை கடனாளி ஆகிவிடுகின்றது.

அந்த வாயடைப்பினால் எவ்வளவு பெரிய அக்கிரமம் நடக்கக்கூடும் என்பதற்கு அமெரிக்க ஜிம்நாஸ்டிக் உலகமே அத்தாட்சி. அந்த விளையாட்டின் தேசியக் குழுவுக்கு வைத்தியராயிருந்த லாரி நாசர் என்பவன் வைத்தியம் என்கின்ற பேரால் பெண் குழந்தைகளை வருஷக்கணக்காய்க் கெடுத்து வந்தான். 2018 ஜனவரியில் மிச்சிகன் கோர்ட்டில் 150-க்கு மேற்பட்ட பெண்கள் எழுந்து நின்று சொன்ன பிறகு 40 முதல் 175 வருஷம் வரை சிறை விதிக்கப்பட்டது. பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே நடந்ததும் உண்டு. பெற்றோர் கெட்டவர்களா? இல்லை. பெரிய வைத்தியர், பெரிய பயிற்சியாளர், அவர்களைக் கேள்வி கேட்டால் பெண்ணின் இடம் போய்விடும் என்று நம்பினவர்கள். கேள்வி கேட்கக்கூடாத பெரியவர் என்று ஒருவரை எங்கே உட்காரவைத்தாலும், கோயிலானாலும் ஆஸ்பத்திரியானாலும் விளையாட்டுக் கூடமானாலும், அங்கே குழந்தைகளுக்கு ஆபத்துத்தான். மிஷெல் குவான் 12 வயதுகூட ஆகுமுன், பயிற்சியாளர் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, அவர் சொல்லை மீறிப் போய்ப் பெரியவர்கள் வகுப்புக்கான பரீட்சையில் தேறிவிட்டு வந்தார். திரும்பி வந்த பயிற்சியாளருக்கு மகா கோபம். நமக்கென்னவோ, அவருடைய ஒன்பது அமெரிக்கப் பட்டங்களைவிட அந்தக் குறும்புதான் அதிகம் பிடித்திருக்கின்றது.

கடைசியாக அலிசா லியூ. இவருடைய தகப்பனார் 1989-ல் சீனாவில் மாணவர் கிளர்ச்சியில் சேர்ந்து, சர்க்காருக்குத் தப்பி அமெரிக்காவுக்கு அகதியாக ஓடிவந்து, வக்கீலானவர். தனி ஆளாக ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பனானவர். மூத்த பெண்ணான அலிசாவை 5 வயதில் ஐஸ் தரைக்குக் கொண்டுபோய் விட்டு, நேரத்தையும் பணத்தையும் அதிலேயே கொட்டினார். பெண்ணும் 2019-ல் 13 வயதில் அமெரிக்கப் பட்டம் வாங்கினார். அந்த வயதில் அதுவரை யாரும் வாங்கினதில்லை. மறு வருஷமும் வாங்கினார். 2022-ல் ஒலிம்பிக்குக்குப் போனார், அதற்கடுத்த மாதம் உலகப் பந்தயத்தில் வெண்கலம் வாங்கினார். ஏப்ரல் மாதத்தில், 16 வயதில், எனக்குப் போதும் என்று சொல்லிவிட்டார்!

ஊரார் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நாம் எழுதித்தானா நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்? இத்தனை செலவு செய்த தகப்பனுக்கு இதுதானா நன்றி என்று கேட்கத் தோன்றும். ஆனால் நாம் கேட்கின்றோம்: "என் இஷ்டப்படி பேச விடு" என்று ஒரு சர்க்காரைப் பார்த்துக் கேட்டுவிட்டு நாட்டைவிட்டு ஓடிவந்த மனிதருடைய மகள், "என் இஷ்டப்படி இருக்க விடு" என்று கேட்டால் அதில் என்ன அதிசயம்? தகப்பன் அவ்வளவு பிரயாசைப்பட்டு அந்தத் தேசத்திற்கு வந்தது பதக்கத்திற்காகவா, சுதந்தரத்திற்காகவா? பெண் பதக்கத்தை வைத்துவிட்டுச் சுதந்தரத்தை எடுத்துக்கொண்டாள் என்றால், தகப்பன் சம்பாதித்து வைத்ததில் விலை உயர்ந்ததைப் பொறுக்கி எடுத்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு அவர் காலேஜில் சேர்ந்து மனோதத்துவம் படித்தார், சிநேகிதர்களோடு இமயமலைக்குப் போய் எவரெஸ்டின் அடிவாரம் வரை நடந்தார், தம்பி தங்கைகளோடு இருந்தார். 2024-ல், பனிமலையில் ஒரு தடவை விளையாட்டாய்ச் சறுக்கப் போன இடத்தில் பழைய ஆசை திரும்பி வந்து, மறுபடியும் ஆடுவதாகச் சொன்னார். ஆனால் இந்தத் தடவை பயிற்சியாளர் யார், பாட்டு எது, உடுப்பு என்ன, சாப்பிடுவது என்ன என்பதையெல்லாம் அவரே தீர்மானித்தார். 2025 மார்ச்சில் பாஸ்டன் நகரத்தில் உலகப் பட்டத்தை வாங்கினார். 2006-க்குப் பிறகு அந்தப் பட்டத்தை வாங்கின அமெரிக்கப் பெண் அவர்தான்.

இதைக் கொண்டு, விட்டுவிட்டால் திரும்பி வந்து ஜெயிப்பார்கள் என்று நாம் வாதிக்க வரவில்லை. அவர் திரும்பியே வராமல், எங்கேயாவது ஒரு சாதாரண உத்தியோகம் பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் சும்மா தூங்கிக்கொண்டிருந்தாலும் 2022-ல் அவர் சொன்னது சரிதான். ஆனால் 16 வயதில் "போதும்" என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு வழியில்லாதிருந்தால், 18 வயதில் "மறுபடியும்" என்று அவளாகவே சொல்லியிருப்பாளா? தியாகத்தைப் பற்றிக் கண்ணீர் விட்டு எழுதுகின்ற தோழர்கள் யாராவது இதற்குச் சமாதானம் எழுதினால், அதையும் இப்பத்திரிகையில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கின்றோம்.